நெல் நிறுக்கிற புரோகிராமுக்கு எந்த மொழி?

கேள்வி: கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். எச்என்டிஐடி (தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமா) முடித்து இரண்டு வருடம். இங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் பரந்தன், கண்டாவளை, புதுக்குடியிருப்பு மூன்று இடத்திலும் நெல் வாங்குகிறது. நிறையையும் காசையும் பதிய, பிஎச்பி மொழியின் லாரவெல் சட்டகத்தில் ஒரு வெப் புரோகிராம் செய்து கொடுத்தேன். மும்முரமான நாளில் மூன்று இடமும் சேர்ந்து 600 பதிவு வரும். சிறுபோகத்தில் மூன்று தொல்லை. சிக்னல் போனால் பதிந்தது தொலைகிறது, சில நிறை இரண்டு தரம் விழுகிறது, அங்கத்தவர் பெயரைத் தேடினால் கனபேர் வருவதில்லை. கொழும்பில் வேலை செய்கிற சிநேகிதிகள் “பிஎச்பி செத்த மொழி, நோடுக்கும் றியாக்டுக்கும் மாறு, இல்லாவிட்டால் கோ படி” என்கிறார்கள் (நோடும் றியாக்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள், கோ இன்னொரு மொழி). காலபோக அறுவடைக்கு முதல் முழுவதையும் புதிதாக எழுதிவிடவா? பத்து வருடம் நிற்கிற மொழி எது?

பதில்: தங்கச்சி, எழுத வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று தொல்லையில் ஒன்றுகூட பிஎச்பியால் வந்ததல்ல. கோ மொழியில் எழுதினாலும் அதே மூன்றும் அதே இடத்தில் வந்து நிற்கும், அதற்கு மேலே நீங்கள் புதிதாக விடுகிற பிழைகளும் சேரும்.

முதலில் வேகக் கணக்கை முடித்துவிடுவோம். நாளுக்கு 600 பதிவு, எட்டு மணித்தியால வேலை. எட்டு மணித்தியாலம் 28,800 செக்கன். அப்படியென்றால் 48 செக்கனுக்கு ஒரு பதிவு. எந்த மொழியும் இந்த வேலைக்கு நித்திரை கொண்டபடியே பதில் சொல்லும். மொழியின் வேகம் எங்கே கை கொடுக்கும் என்றால், படத்தைச் சுருக்குவது, ஆயிரக்கணக்கான இணைப்பை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பது போன்ற இடங்களில். உங்கள் புரோகிராமில் நேரம் போவது போனுக்கும் கோபுரத்துக்கும் இடையில்தான்.

பிஎச்பிக்கு வந்த கெட்ட பெயர் பழைய பிஎச்பிக்கு வந்தது. 2015 கடைசியில் வந்த 7ஆம் பதிப்பு பழையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தோடு பேசுகிற பாதுகாப்பில்லாத பழைய செயற்கூறுகளை அதிலேயே தூக்கி எறிந்துவிட்டார்கள். சுழியமும் ஒரு வெறும் சொல்லும் சமம் என்று சொல்லுகிற கூத்து 2020இல் 8ஆம் பதிப்போடு நின்றது. ஆனாலும் இரட்டைச் சமக்குறியை விட்டுவிட்டு வகையையும் சேர்த்து ஒப்பிடுகிற மூன்று சமக்குறியே போடுங்கள். ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் கண்டிப்பான வகைச் சோதனையை இயக்குங்கள். சிநேகிதிகள் சொல்வது கொழும்பில் வேலை தேடுகிறவருக்குச் சரியான புத்தி. அதற்கு டைப்ஸ்கிரிப்ட் (வகைச் சோதனை சேர்த்த ஜாவாஸ்கிரிப்ட்) படியுங்கள், நல்லது. உங்கள் பிழைப்புக்குப் படிக்கிற மொழி வேறு, சங்கத்தின் நெல்லை ஒப்படைக்கிற மொழி வேறு.

பத்து வருடம் நிற்கிற மொழி எது என்று கேட்டீர்கள். 2010இல் வந்த அங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சட்டகத்தில் எழுதியவர்கள் 2016இல் முற்றிலும் வேறான அங்குலரைக் கண்டார்கள். பழையதற்கான ஆதரவு 2021 முடிவோடு நின்றது. அதே காலம் முழுக்க, 1970களில் பிறந்த தரவுத்தள மொழியான எஸ்கியூஎல் அசையவில்லை. ஆகவே நிற்கப்போவது உங்கள் அட்டவணைகள்தான், மேலே இருக்கிற மொழி மாற்றக்கூடிய உடுப்பு. வெறுமையாக விடக்கூடாத நிரல் (அட்டவணையின் நெடுவரிசை), இரண்டு தரம் வரக்கூடாத எண், மொத்த நிறையைவிடத் தேறிய நிறை கூடக்கூடாது என்ற நிபந்தனை, இவற்றை பிஎச்பியில் மட்டும் எழுதாமல் தரவுத்தளத்திலேயே எழுதுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. மைஎஸ்கியூஎல் 8.0.16க்கு முந்திய பதிப்புகள் ‘செக்’ நிபந்தனையை வாசித்துவிட்டு, ஒரு முறைப்பாடும் இல்லாமல் விட்டுவிடும். சேர்வரில் என்ன பதிப்பு ஓடுகிறது என்று பார்த்து, வேண்டுமென்றே ஒரு பிழையான நிறையைப் போட்டு, மறுக்கிறதா என்று சோதியுங்கள்.

இனி தொலைகிற பதிவுகள். நடப்பது இதுதான். தராசடியில் நிற்கிறவர் பொத்தானை அழுத்துகிறார். செய்தி சேர்வருக்குப் போய்ப் பதிவாகிவிடுகிறது. ‘சரி’ என்ற பதில் திரும்பி வருகிற வழியில் சிக்னல் போகிறது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வரிசையில் உழவு இயந்திரங்கள் நிற்கின்றன, அவர் திரும்ப அழுத்துகிறார். இரண்டு பதிவு. இன்னொரு நாள் செய்தி போகவே இல்லை. அவர் பக்கத்தைப் புதுப்பிக்கிறார், பதிவு மாயம். இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே: பதிவுக்கு அடையாளம் சேர்வரில் பிறக்கிறது. அது போனில் பிறக்க வேண்டும்.

‘சேமி’ அழுத்தியவுடன் பிரவுசரே ஒரு யூயூஐடி எண்ணை, அதாவது வேறெங்கும் திரும்ப வராத அடையாள எண்ணை, உருவாக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் அதற்கு ஒரு வரி போதும், ஆனால் அந்த வரி எச்டிடிபிஎஸ் பக்கத்தில் மட்டுந்தான் வேலை செய்யும். அந்த எண்ணோடு பதிவை முதலில் போனுக்குள் இருக்கிற பிரவுசரின் தரவுத்தளமான இன்டெக்ஸ்ட் டிபியில் எழுதி, எழுதி முடிந்த பிறகே திரையில் ‘பதிந்தது’ என்று காட்டுங்கள். பிரவுசரின் இன்னொரு சேமிப்பிடமான லோக்கல் ஸ்டோரேஜில் வைக்க வேண்டாம், அதன் கொள்ளளவு ஏறக்குறைய 5 மெகாபைட், எழுதும்போது திரையும் உறையும். பிறகு சேர்வருக்கு அனுப்புங்கள். சேர்வர் அட்டவணையில் யூயூஐடி நிரலுக்கு, ஒரே எண் இரண்டு தரம் வரவிடாத யுனீக் கட்டுப்பாடு போடுங்கள். அதே பதிவு இரண்டாம் தரம் வந்தால் மைஎஸ்கியூஎல் 1062 என்ற பிழையைத் தரும். அதைப் பிடித்து, முதல் தரம் கொடுத்த அதே பதிலையே திரும்பக் கொடுங்கள். பிழைச் செய்தி காட்டாதீர்கள், தராசடியில் நிற்பவரைப் பொறுத்தவரை அது வெற்றிதான். அந்த யூயூஐடியோடு சேர்வரின் பதில் வந்தால் மட்டுமே போனிலிருந்து அந்தப் பதிவை நீக்குங்கள்.

எப்போது அனுப்புவது? பிரவுசர் ‘ஒன்லைன்’ என்று சொல்வதை நம்ப வேண்டாம். ஏதோ ஒரு வலையமைப்போடு ஒட்டியிருக்கிறது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. பின்னணியில் தானாக அனுப்புகிற வசதி குரோமில் உண்டு, பயர்பொக்ஸிலும் சஃபாரியிலும் இல்லை. நீங்களே முப்பது செக்கனுக்கு ஒரு தரம் முயன்று பாருங்கள். திரையின் மேலே ‘அனுப்பாதது: 7’ என்று பெரிதாகக் காட்டுங்கள், பக்கத்தில் ‘இப்போது அனுப்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கட்டும். பின்னேரம் வீட்டுக்குப் போகுமுன் அந்த எண் சுழியத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பது நிலையத்தில் இருப்பவரின் வேலை.

லாரவெலில் உள்ள ஒரு குழியைத் தனியாகச் சொல்ல வேண்டும், தொலைந்த பதிவுகளில் ஒரு பகுதி இதற்குள் விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அதன் அமர்வுக் காலம் (உள்ளே வந்தவரை நினைவில் வைத்திருக்கிற நேரம்) இயல்பாக 120 நிமிடம். இரண்டு மணித்தியாலம் சிக்னல் இல்லாமல் கிடந்துவிட்டு அனுப்பினால், படிவத்தில் உள்ள, போலிக் கோரிக்கையைத் தடுக்கிற சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் காலாவதியாகி 419 என்ற பிழை வரும். உங்கள் கோட் அதை ‘பதில் வந்துவிட்டது’ என்று எடுத்து பதிவை அழித்தால் கதை முடிந்தது. இந்த அனுப்புதலை வெப் வழியில் வைக்காமல் ஏபிஐ (புரோகிராமோடு புரோகிராம் பேசுகிற) வழிக்கு மாற்றி, நிலையத்துக்கு ஒன்றாக லாரவெலின் அனுமதிச் சாவியான சாங்டம் டோக்கன் கொடுங்கள். 419, 401, 500 என்ற பிழை எண்களில் எது வந்தாலும் பதிவு போனில் அப்படியே இருக்கட்டும்.

பற்றுச்சீட்டு இலக்கத்தையும் சேர்வரின் தானியங்கி எண்ணிலிருந்து எடுக்க முடியாது, சிக்னல் இல்லாத நேரம் அது கிடைக்காது. நிலையத்துக்கு ஒரு எழுத்து, போனுக்கு ஒரு எண், பிறகு அந்தப் போனின் வரிசை எண் என்று வையுங்கள்: ப-2-0147. இடையில் ஒரு இலக்கம் விடுபட்டிருந்தால் கண்ணுக்கே தெரியும். நேரத்தை இரண்டு நிரலில் பதியுங்கள், போன் சொன்ன நேரம் ஒன்று, சேர்வருக்கு வந்த நேரம் ஒன்று. போன் மணிக்கூடு பிழையாக இருக்கிற நாள் கட்டாயம் வரும்.

றியாக்ட் பற்றி ஒரு சொல். ஒன்றரை மெகாபைட் ஜாவாஸ்கிரிப்ட் இறங்க வேண்டிய பக்கம், செக்கனுக்கு 400 கிலோபிட் வருகிற இடத்தில், 30 செக்கன் எடுக்கும். சேர்வரே செய்து அனுப்புகிற 40 கிலோபைட் எச்டிஎம்எல் ஒரு செக்கனுக்குள் வந்துவிடும். நிறை பதிகிற படிவத்துக்கு எச்டிஎம்எல்லும் இருநூறு வரி வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டும் போதும், அதை ஒரு சேர்விஸ் வேர்க்கர் (பிரவுசரின் பின்னணியில் ஓடுகிற ஸ்கிரிப்ட்) போனில் வைத்திருந்தால் சிக்னல் இல்லாமலும் பக்கம் திறக்கும். அழகுக்காகத் தமிழ் எழுத்துரு இறக்குகிறீர்களா? எடுத்துவிடுங்கள். அண்ட்ராய்டில் தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கிறது.

பெயர் தேடல்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் இதை நோட் காரரும் கோ காரரும் உங்களுக்குத் தீர்த்துத் தரமாட்டார்கள். ‘கிளிநொச்சி’ என்ற சொல்லையே எடுப்போம். கண்ணுக்கு ஐந்து எழுத்து: கி, ளி, நொ, ச், சி. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அது பத்துக் குறி, ஏனென்றால் விசிறியும் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக முப்பது பைட். பிஎச்பியின் சாதாரண நீள அளவை 30 என்று சொல்லும், ‘எம்பி’ என்று தொடங்குவது 10 என்று சொல்லும், ‘கிராஃபீம்’ என்று தொடங்குவது 5 என்று சொல்லும். முதல் எழுத்தை வெட்டி எடுக்க முதலாவதைப் பாவித்தால் உடைந்த கட்டம் வரும், இரண்டாவதைப் பாவித்தால் கி என்பது க ஆகிவிடும். பெயரின் முதலெழுத்தை எடுக்க மூன்றாவதுதான் சரி.

இப்போது ‘நொ’வைப் பாருங்கள். ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் அரவையும் இரண்டு குறியாக அடுத்தடுத்து எழுதலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. உள்ளே ஒன்று பத்துக் குறி, மற்றது பதினொன்று. ஒரு விசைப்பலகையில் பதிந்த பெயரை இன்னொன்றில் தேடினால் ‘இல்லை’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்து ஒரே வரி: உள்ளே வருகிற எல்லாச் சொல்லையும் எழுதுமுன், இப்படிப் பிரிந்ததை ஒரே குறியாக்குகிற என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். பிஎச்பியில் பன்மொழி வசதி தருகிற இன்டில் நீட்சியை இயக்கினால் ‘நோர்மலைசர்’ இருக்கிறது. தேடுகிற சொல்லையும் அதேபோல் மாற்ற வேண்டும். ஏற்கெனவே உள்ள பெயர்களுக்கு ஒரு தரம் ஓடவிடுங்கள். வெட்டி ஒட்டிய சொற்களில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளும் ஓரங்களில் வெற்று இடைவெளிகளும் இருக்கும், அவற்றையும் அப்போதே கழுவுங்கள்.

அடுத்தது பாமினி, யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துரு. சங்கத்தின் பழைய அங்கத்தவர் பட்டியல் எக்செலில் இருந்து வந்ததென்று ஊகிக்கிறேன். பாமினியில் அடித்த ‘கிளிநொச்சி’க்கு அடியில் தமிழே இல்லை. எஃப், பி, எஸ், பி, என், இ, எச், ஆர், அரைப்புள்ளி, ஆர், பி என்று ஆங்கில எழுத்துகள் கிடக்கும், எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டும். மாற்றும்போது ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மாற்றினால் கெட்டுப்போகும். பாமினியில் கொம்பு, கண்ணுக்குத் தெரிகிறபடியே மெய்க்கு முன்னால் வரும். யூனிகோடில் அது மெய்க்குப் பின்னால் வர வேண்டும். இடம் மாற்றாமல் விட்டால் ‘நொ’வின் கொம்பு முந்திய எழுத்தான ளியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மாற்றிய பிறகு எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வருகிற பெயர்களை மட்டும் தனியாக எடுத்து ஒரு ஆள் வாசித்துப் பார்க்க வேண்டும். ஒரு பின்னேர வேலைதான்.

அகரவரிசையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறி எண் வரிசையில் அடுக்கினால் ன என்பது ந முடிந்த கையோடு வரும், வ என்பது ற, ள, ழ எல்லாவற்றுக்கும் பிறகு வரும். முகாமையாளர் பட்டியலைப் பார்த்து ‘கொம்பியூட்டருக்குத் தமிழ் தெரியாது’ என்பார், அவர் சொல்வது சரி. இன்டில் நீட்சியில் உள்ள ‘கொலேட்டர்’ தமிழுக்கு என்று சொன்னால் ஒழுங்காக அடுக்கும்.

இவ்வளவும் செய்தாலும் சிவராசாவும் சிவராஜாவும் ஒரே ஆளா என்று எந்த மொழியும் சொல்லாது. அதனால் பெயரால் ஆளை அடையாளம் காணாதீர்கள். ‘முதற்பெயர், குடும்பப்பெயர்’ என்று இரண்டு பெட்டி வைக்கவும் வேண்டாம், எங்கள் சனத்துக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும். முழுப்பெயருக்கு ஒரு பெட்டி, அட்டையில் உள்ளபடி முதலெழுத்துகளோடு ஒரு பெட்டி. அடையாளத்துக்குச் சங்க அங்கத்துவ இலக்கம், துணைக்கு அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016 முதல் பன்னிரண்டு இலக்கம். பழையதைப் புதியதாக்க, முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தின் ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு சுழியம் செருகி, எழுத்தை விட்டுவிடுங்கள். எல்லாரையும் பன்னிரண்டு இலக்கத்திலேயே வைத்தால் ஒரே கமக்காரர் இரண்டு ஆளாகமாட்டார். அதிலிருந்து பிறந்த திகதி எடுப்பதென்றால் கவனம்: நாள் எண்ணில் பெண்களுக்கு 500 கூட்டியிருக்கும், மாசி (பெப்ரவரி) மாதம் எப்போதும் 29 நாளாகவே எண்ணப்பட்டிருக்கும். லீப் அல்லாத வருடத்தில் பங்குனி (மார்ச்) 1உம் 61ஆவது நாள்தான். வழக்கமான திகதிச் செயற்கூறிடம் கொடுத்தால் ஒரு நாள் பிந்திய திகதி வரும்.

இந்த இலக்கத்தை எண் நிரலில் வைக்காதீர்கள், சொல் நிரலில் வையுங்கள். எக்செலில் பன்னிரண்டு இலக்கத்தைச் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால் அடுக்குக்குறி வடிவில் சுருக்கிக் காட்டும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் சுருங்கியதுதான் மிஞ்சும், கடைசி இலக்கங்கள் போய்விடும். தொலைபேசி இலக்கத்தின் முதல் சுழியமும் இதே வழியில் காணாமல் போகும்.

குறுஞ்செய்தி அனுப்புகிறீர்களானால்: ஆங்கிலத்தில் ஒன்றுக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70 குறி. ‘உங்கள் நெல் 953 கிலோ பெறப்பட்டது.’ இதுவே 33 குறி. எழுபதைத் தாண்டினால் துண்டுக்கு 67 என்ற கணக்கில் இரண்டு செய்தியாகக் காசு வெட்டும்.

நிறைக்கு வருவோம். மூட்டை ஒரு அளவு அல்ல, சாக்குக்குச் சாக்கு மாறும். மூட்டை எண்ணிக்கை ஒரு நிரல், கிலோ இன்னொரு நிரல். கிலோவுக்கும் ரூபாவுக்கும் தசமத்தைத் தோராயமாக வைக்கிற ‘ஃப்ளோட்’ வகை பாவிக்க வேண்டாம், அதில் 0.1உம் 0.2உம் கூட்டினால் 0.30000000000000004 வரும். டெசிமல் நிரல் வையுங்கள், அல்லது கிராமாகவும் சதமாகவும் முழு எண்ணில் வையுங்கள். மொத்த நிறை, ஈரப்பதன், கழிவு, தேறிய நிறை, அன்றைய விலை ஐந்தையும் பதிவுக்குள்ளேயே எழுதுங்கள். விலைப் பட்டியலில் இருந்து பிறகு எடுக்கலாம் என்று விட்டால், விலை மாறிய அன்று பழைய பற்றுச்சீட்டு எல்லாம் புது விலை காட்டும்.

ஈரப்பதன் கழிவில் சங்கத்தோடு முதலில் பேசுங்கள், கோட் பிறகு. 1,000 கிலோ நெல், ஈரம் 18 வீதம், சங்கம் ஏற்கிற ஈரம் 14 வீதம் என்று வைப்போம். நான்கு வீதம் கழித்தால் 960 கிலோ. உலர்ந்த பகுதியைக் கொண்டு (இப்போது 82 வீதம், 14 வீத ஈரத்தில் 86 வீதம்) சரியாகக் கணித்தால், 1,000ஐ 82ஆல் பெருக்கி 86ஆல் பிரித்து, 953.49 கிலோ. இரண்டுக்கும் இடையில் ஆறரை கிலோ நெல், அது யாரோ ஒருவருடைய பணம். எந்த முறை என்பதை முகாமையாளர் தீர்மானித்துக் கையெழுத்து வைக்கட்டும், பற்றுச்சீட்டிலும் அந்த முறை அச்சாகட்டும். பிழையாகப் பதிந்ததைத் திருத்த விடாதீர்கள். எதிர்ப்பதிவு ஒன்று போட்டு, சரியானதைப் புதிதாகப் பதிய விடுங்கள்.

உங்களுக்குப் பிறகு இதைத் தொடப்போகிறவரையும் நினைக்க வேண்டும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பிஎச்பி தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பிடிக்கலாம், கோ தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டி வரும். டொமைனும் சேர்வர் கணக்கும் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டாம். இரவு எடுக்கிற பிரதியை வேறொரு இடத்தில் வைத்து, மாதம் ஒருக்கா அதை வேறு கணினியில் திறந்து பாருங்கள்.

வேலை ஒழுங்கு இப்படி: முதலில் யூயூஐடியும் போனுக்குள் சேமிப்பும், பிறகு என்எஃப்சி, பிறகு பாமினி, ஈரக் கணக்கு கடைசியில். முதலாவது முடிந்தவுடன் ஒரு போனை விமானப் பயன்முறையில் போட்டு இருபது நிறை பதியுங்கள். நடுவில் போனை நிறுத்தித் திரும்ப இயக்குங்கள். மூன்று மணித்தியாலம் விட்டுவிட்டு விமானப் பயன்முறையை எடுங்கள், அனுப்புகிற நேரத்தில் திரும்பவும் இரண்டு தரம் போட்டு எடுங்கள். பிறகு அட்டவணையை எண்ணுங்கள். இருபது இருக்க வேண்டும். பத்தொன்பதோ இருபத்தொன்றோ வந்தால் பரந்தனுக்குக் கொடுக்காமல் எனக்குத் திரும்ப எழுதுங்கள், கோட்டில் அந்த அனுப்புகிற பகுதியையும் சேர்த்து.